மொச்சை ஊற ஒரு ராத்திரி

மாஸ்டருக்கு வாழ்நாளில் அதிர்ஷ்டம் என்று ஒன்று வந்ததென்றால், அது மொச்சைக்கொட்டை உருவத்தில்தான் வந்தது. வந்ததை அந்த மனுஷன் என்ன செய்தார் என்பதைத்தான் சொல்லப்போகிறேன். சொல்வதற்குள் எனக்கே வயிறு எரிகிறது.

ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கேன்டீனில் அவர் சமையல்காரர். டாக்டரில் இருந்து வாட்ச்மேன் வரைக்கும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கைப்பக்குவத்தில் குறை சொல்ல ஆள் கிடையாது. வீட்டு விஷயத்தில்தான் எல்லாம் கோட்டை விட்டாயிற்று. மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு பிரிந்துபோய் வருஷக்கணக்காகிறது. குடும்ப நல மையத்து ஆலோசகர் மேடம் முன்னால் உட்கார்ந்து அந்த அம்மா சொன்ன புகார் ஒன்றே ஒன்றுதான்.

"அடிக்க மாட்டார் மேடம். குடிக்க மாட்டார். ஆனா வீட்ல நான்னு ஒருத்தி இருக்கேன்னே அவருக்குத் தெரியாது."

மாஸ்டர் அதைக் கேட்டு அந்த இடத்திலேயே சிரித்துவிட்டார். இதெல்லாம் ஒரு குறையா? தெரியாமலா இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினேன்? என்னவோ பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டார். அந்தச் சிரிப்பை மேடம் பேனா முனையால் குறித்துக்கொண்டது அவர் கண்ணில் படவில்லை.

அன்றிலிருந்து சனிக்கிழமை மதியங்களில் மையத்தின் விளையாட்டு அறையில் மகளைப் பார்க்கலாம் என்று ஏற்பாடு. கை உடைந்த பொம்மைகளுக்கும் மூடி தொலைந்த ஸ்கெட்ச் பேனாக்களுக்கும் நடுவில் அப்பாவும் மகளும் விருந்தாளிகள் மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். அதற்கும் இப்போது கேடு வந்துவிட்டது. பாப்பாவின் அம்மாவுக்கு வேலை மாற்றம். வெகுதூரம். ஒரு பகல் முழுக்க பஸ்ஸில் உட்கார வேண்டிய தூரம். போய்விட்டு அன்றைக்கே திரும்புவது நடக்காத காரியம். மேடம் தெளிவாகவே சொல்லிவிட்டார்.

"பாப்பா உங்க வீட்ல ராத்திரி தங்கப் பழகிட்டா, லீவு நாளெல்லாம் உங்ககிட்ட அனுப்ப ஏற்பாடு பண்ணலாம். இல்லன்னா போன்ல பேசிக்க வேண்டியதுதான். ஒரு ராத்திரி தங்கிப் பார்க்கட்டும். அப்புறம் நான் அவகிட்ட கேட்பேன். அவ என்ன சொல்றாளோ அதுதான் முடிவு."

பாப்பாவோ பிடி கொடுக்கவில்லை. "பார்க்கலாம்ப்பா," என்றாள். அந்தப் 'பார்க்கலாம்' மாஸ்டருக்கு நன்றாகத் தெரிந்த 'பார்க்கலாம்'. பிடிக்காத சாப்பாட்டை ஓரமாக ஒதுக்கும்போது அவள் அம்மா சொல்லும் அதே 'அப்புறம் சாப்பிடறேன்'.

இந்த நேரத்தில்தான் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒரு பரிசோதனை கொடுத்தார். காய்ந்த விதை தண்ணீரில் ஊறினால் என்ன ஆகும்? வீட்டில் செய்து பார்த்து, ஊறுவதற்கு முன்பும் பின்பும் வரைந்து கொண்டுவர வேண்டும். பாப்பா இதைச் சொன்னதும் மாஸ்டர் உட்கார்ந்திருந்த குட்டி நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"மொச்சையில பண்ணலாம்டா! ஆனா ராத்திரி முழுக்க ஊறணும். வைக்கும்போதும் பார்க்கணும், காலைலயும் பார்க்கணும். அதுக்கு நீ நம்ம வீட்லதான் இருக்கணும்."

பாப்பா கொஞ்ச நேரம் யோசித்தாள். எந்தப் பக்கம் தப்பிக்கலாம் என்று பார்த்த மாதிரிதான் இருந்தது. வழி இல்லை. "சரிப்பா," என்றாள்.

ஆளைப் பார்க்க வேண்டுமே! கால் தரையில் பாவவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு லீவு சொன்னார். ஒண்டிக்கட்டை அறையை ஒட்டடை அடித்துக் கழுவினார். கட்டிலுக்குப் புதுப் போர்வை, புது பல் தேய்க்கும் பிரஷ், இருட்டுக்குப் பயந்தால் போட ஒரு குட்டி விளக்கு. கேன்டீனில் அவருக்குக் கைக்கு உதவி செய்யும் மொட்டையிடம் அன்று முழுக்க அதே பேச்சு. மொட்டை அவரைவிட வயதில் மூத்தவர். ரொம்பக் காலமாகக் கூட நிற்கிறவர். "மாஸ்டர், அடுப்பைப் பாருங்க, அடியைப் பிடிக்குது," என்று அவர் சொல்லும் அளவுக்குப் போயிற்று. மாஸ்டர் அடுப்பில் அடிபிடிப்பதெல்லாம் சூரியன் மேற்கே உதிக்கிற கதை.

சனிக்கிழமை சாயங்காலம் பாப்பாவை அவள் அம்மா ஸ்கூட்டரில் கொண்டுவந்து வாசலில் இறக்கினாள். பாப்பா தன் தலையணையைத் தானே கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அது மாஸ்டருக்குச் சுருக்கென்றது. சரி, குழந்தைதானே, பழகின தலையணை வேண்டும் என்று தன்னையே தேற்றிக்கொண்டார்.

அறை சின்னது. ஒரு பக்கம் கட்டில், எதிர்ப்பக்கம் அடுப்பு மேடை, நடுவில் கால் நீட்ட இடம். மேடையில் நாலு கண்ணாடி கிளாஸை வரிசையாக வைத்தார்கள். ஒன்றில் வெறும் தண்ணீர், ஒன்றில் உப்புத் தண்ணீர், ஒன்றில் சர்க்கரைத் தண்ணீர். நாலாவதில் தண்ணீரே இல்லை. "அதுக்கு ஏம்மா இந்தத் தண்டனை?" என்று மாஸ்டர் கேட்டார்.

"ஊறாதது ஒண்ணு பக்கத்துல இருந்தாத்தான் ஊறுனது எவ்ளோ மாறுச்சுன்னு தெரியும். டீச்சர் சொன்னாங்க."

ஒவ்வொரு மொச்சையாகக் காகிதத்தில் வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்தாள். நாக்கின் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பிறகு ஒரு மொச்சையை அவர் மூக்குக்கு நேரே பிடித்தாள்.

"இதுக்கு வாய் எங்க இருக்கு சொல்லுங்க?"

"மொச்சைக்கு ஏதுடா வாய்?"

"இந்தத் தழும்பு இருக்குல்ல? இதுக்குப் பக்கத்துல பாருங்க. இந்த லென்ஸ்ல பாருங்க. குட்டியா ஓட்டை. அது வழியாவும் தண்ணி உள்ள போகும்."

மாஸ்டர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். ஆமாம், இருந்தது. மூட்டை மூட்டையாக மொச்சை ஊறவைத்த மனுஷன், அன்றைக்குத்தான் ஒரு மொச்சையை முகம் பார்த்தார். "அட! இத்தனை நாளா என் கண்ணுக்கே படல பாரேன்," என்றார். பாப்பா சிரித்தாள்.

"நிறையக் குடிக்குமாப்பா?"

"எங்க மொட்டை டீ குடிக்கிற மாதிரி குடிக்கும். ஊத்த ஊத்தப் போய்க்கிட்டே இருக்கும்."

"மொட்டையா! அது ஒரு பேரா?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக மாஸ்டர் மொட்டையைப் பற்றி இருக்கிறது இல்லாதது எல்லாம் சேர்த்துச் சொன்னார். அறையில் அப்படி ஒரு சத்தம் கேட்டு எவ்வளவு காலமாகியிருந்தது! பக்கத்து அறைக்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் வெறும் தண்ணீர் கிளாஸில் மொச்சையின் தோல் சுருங்க ஆரம்பித்திருந்தது. பாப்பாவின் முகமும் சுருங்கிவிட்டது. "பெருசாகும்னாங்க, சுருங்குதே?"

"தோல்தான் முதல்ல தண்ணி குடிச்சு நெகிழும். உள்ள இருக்கிற பருப்பு மெதுவாக் குடிச்சு..."

"சொல்லாதீங்க, சொல்லாதீங்க!" காதைப் பொத்திக்கொண்டாள். "காலைலதான் தெரியணும். யார் முதல்ல எந்திரிக்கிறாங்களோ, அவங்க மத்தவங்கள எழுப்பணும். ரெண்டு பேரும் சேர்ந்துதான் பார்க்கணும். தனியாப் பார்க்கக் கூடாது. சத்தியமா?"

"சத்தியமா."

"சர்க்கரைத் தண்ணிதான் ஜெயிக்கும். இனிப்புன்னா நிறையக் குடிக்கும்ல?" என்று சொல்லிவிட்டுத் தன் தலையணையில் தலை வைத்தாள். மாஸ்டர் கீழே பாய் விரித்துப் படுத்தார். குட்டி விளக்கின் வெளிச்சத்தில் நாலு கிளாஸும் தெரிந்தன. மகளின் மூச்சுச் சத்தம் கேட்டது. இனி எல்லாம் நல்லபடியாகிவிடும் என்று முழு மனதோடு நம்பித் தூங்கினார், பாவி மனுஷன்.

இனிமேல் நடந்ததற்கு யாரைத் திட்டுவது? அவர் உடம்பைத்தான் திட்ட வேண்டும். கேன்டீனுக்காக இருட்டில் எழுந்து பழகிய உடம்பு அது. லீவு நாளானாலும் சரி, முந்தின ராத்திரியே ஒரு பிடி மொச்சையை இதே மேடையில், இதே இடத்தில் ஊறப்போடுவார். விடியும் முன் எழுந்து வடித்து, குக்கரில் ஏற்றிவிட்டு மறுபடி ஒரு குட்டித் தூக்கம் போடுவார். ஒண்டி ஆளுக்கு நாள் முழுக்க அதுதான் சாப்பாடு. அந்த வேலைக்கு அவருக்குக் கண்ணும் வேண்டாம், மூளையும் வேண்டாம். கை போதும்.

அன்றைக்கும் உடம்பு எழுந்தது. கால் மேடைக்கு நடந்தது. கை தொட்ட கிளாஸையெல்லாம் சல்லடையில் கவிழ்த்தது, குழாயைத் திறந்து அலசியது, குக்கரில் கொட்டியது. எங்கிருந்தோ சத்தம் வந்தது போலிருந்தது. கேன்டீனில் எந்நேரமும் ஏதாவது சத்தம் வரும். வாய் தன்பாட்டுக்கு உப்பு கேட்டது, உப்பு டப்பா கைக்கு வந்தது, போட்டாயிற்று. மூடி, அடுப்பைப் பற்றவைத்து, கிளாஸ்களைக் கழுவிக் கவிழ்த்தும் வைத்துவிட்டுப் பாயில் வந்து விழுந்தார்.

குக்கர் விசிலடித்தபோதுதான் மாஸ்டர் உண்மையில் கண் விழித்தார். ஜன்னலில் வெளுப்பு வந்திருந்தது. கட்டிலில் பாப்பா முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தார். கவிழ்ந்திருந்த நாலு கிளாஸைப் பார்த்தார். குக்கர் இன்னொரு விசில் அடித்தது.

"ஐயையோ," என்றார். "ஐயையோ பாப்பா!"

ஓடிப்போய் அடுப்பை அணைத்தார். அணைத்து என்ன பிரயோஜனம்? தலையில் அடித்துக்கொண்டார். "நான் ஒரு மடையன்டா. புத்தி கெட்டவன்டா. இரு, இப்பவே வேற வைக்கலாம். சுடுதண்ணி ஊத்துனா சீக்கிரம்..."

"ராத்திரி முழுக்க ஊறணும்ப்பா," என்றாள் பாப்பா. அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவர் மடியில் போட்டுச் சமாதானம் பண்ணியிருப்பார். கோபப்பட்டிருந்தால் காலில் விழுந்தாவது சிரிக்க வைத்திருப்பார். அவள் இரண்டும் செய்யாமல் போர்வையை மூலைக்கு மூலை சேர்த்து மடித்துக் கட்டிலின் ஓரத்தில் வைத்தாள். பிறகு இறங்கி மேடைக்கு வந்தாள்.

ஆவி அடங்கியதும் குக்கரைத் திறந்தார்கள். பாப்பா ஒரு கரண்டியால் மொச்சையை எடுத்துத் தட்டில் போட்டு அழுத்தினாள். வெண்ணெய் போல நசுங்கியது. இன்னொன்றை அழுத்தினாள். அது நசுங்காமல் வழுக்கித் தட்டின் ஓரத்துக்கு ஓடியது.

"இது நாலாவது கிளாஸ்ல இருந்தது," என்றாள். "ஊறாதது வேகல."

பென்சிலை எடுத்து, வெந்ததையும் வேகாததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுற்றி வரைய ஆரம்பித்தாள். மாஸ்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்பாடா! பரிசோதனை போகவில்லை, வேறு ஒன்றாக மாறியிருக்கிறது, அவ்வளவுதான். கெட்டிக்காரி, யார் பெற்ற பிள்ளை! நசுங்கியதை ஒரு கிண்ணத்தில் போட்டு அவளுக்குக் கொடுத்தார். இரண்டு வாய் சாப்பிட்டாள். உப்பு சரியாக இருக்கிறது என்றாள்.

அந்தத் தைரியத்தில் கேட்டுவிட்டார். "அப்ப லீவுக்கு வந்து தங்குறியாடா? மேடம் கேட்டா வர்றேன்னு சொல்லுவியா?"

பாப்பா வேகாத மொச்சையைத் தட்டில் உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"நான் அப்பவே முழிச்சிட்டேன்ப்பா," என்றாள்.

"எப்ப?"

"நீங்க எந்திரிச்சப்ப. என்னை எழுப்பத்தான் எந்திரிச்சீங்கன்னு நினைச்சேன். அதனால தூங்குற மாதிரி நடிச்சேன். நீங்க வரல. அப்பான்னு கூப்பிட்டேன். திரும்பவும் கூப்பிட்டேன்."

"எனக்குக் கேக்கலடா," என்றார் மாஸ்டர்.

"பக்கத்துல வந்து நின்னேன். நீங்க, 'மொட்டை, உப்பு எடு'ன்னு சொன்னீங்க." அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "நான்தான் எடுத்துக் குடுத்தேன். வாங்கிக்கிட்டீங்க."

அடுப்பின் சூடு தணிந்து எங்கோ தகரம் டிக் டிக்கென்றது. மாஸ்டர் தன் வலது கையைப் பார்த்தார். அந்தக் கையில்தான் டப்பா வந்து உட்கார்ந்தது. அதைக் கொடுத்தது யார் என்று அவருக்குத் தோன்றவே இல்லையே.

"நீ... நீ தடுத்திருக்கலாம்ல கண்ணு? அது நம்ம மொச்சைன்னு கத்தியிருக்கலாம்ல?"

"நீங்க எப்ப என்னைப் பார்ப்பீங்கன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்."

"தூக்கக் கலக்கம்டா. சத்தியமா வேற ஒண்ணும் இல்ல."

"தெரியும்ப்பா. எனக்குக் கோபமெல்லாம் இல்ல." பாப்பா இப்போதுதான் அவரை நேராகப் பார்த்தாள். அது ஒரு பெரிய மனுஷியின் பார்வையாக இருந்தது. "ஆனா பயமா இருந்துச்சு. நான் இங்க இல்லாத மாதிரியே இருந்துச்சு."

அந்த வார்த்தையை அவர் ஏற்கெனவே ஒரு தடவை கேட்டிருக்கிறார், மேடத்தின் மேஜைக்கு முன்னால், மகளின் அம்மா வாயிலிருந்து. அன்றைக்குச் சிரித்தார். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

கீழே ஸ்கூட்டர் ஹாரன் கேட்டது. பாப்பா தலையணையைக் கட்டினாள், காகிதத்தைச் சுருட்டிக்கொண்டாள். அவள் அம்மா மாடிப்படி ஏறி வாசலில் நின்றாள். குக்கரைப் பார்த்தாள். கவிழ்த்துவைத்த கிளாஸ்களைப் பார்த்தாள். மாஸ்டர் முகத்தைப் பார்த்தாள். என்ன நடந்தது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒரு வார்த்தை குத்திக்காட்டியிருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"சாப்பிட்டியாடா?" என்று மகளிடம் மட்டும் கேட்டாள்.

"சாப்பிட்டேன்மா." பாப்பா செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினாள். "தேங்க்ஸ்ப்பா," என்றாள்.

யார் வீட்டிலாவது விருந்து சாப்பிட்டுக் கிளம்புகிறவர்கள் சொல்கிற தேங்க்ஸ் அது. மாஸ்டர் தலையை ஆட்டினார். ஸ்கூட்டர் தெருமுனை திரும்பும் வரைக்கும் பாப்பா திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டுதான் போனாள். நல்ல பிள்ளை. அதில் குறை சொல்ல முடியாது.

மறுநாள் கேன்டீனில் அடுப்பு மும்முரத்தில் மேடத்தின் போன் வந்தது. மாஸ்டர் ஒரு கையில் கரண்டியோடு கேட்டார். பாப்பா ரொம்ப மரியாதையாகப் பேசினாள் என்றார் மேடம். அப்பா நல்லவர் என்றாளாம். மொச்சையைப் பற்றிச் சொல்லிச் சிரித்தாளாம். ராத்திரி தங்குவது மட்டும் வேண்டாம் என்றுவிட்டாளாம். "ஏம்மான்னு கேட்டேன். காரணம் சொல்ல மாட்டேன்னுட்டா. உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு சொன்னா. குழந்தையை நாம வற்புறுத்த முடியாதுங்க. இந்த வாரக் கடைசியிலேயே கிளம்புறாங்க. நீங்க போன்ல பேசுங்க, என்ன?"

"சரிங்க மேடம்," என்றார் மாஸ்டர்.

"என்ன மாஸ்டர், நல்ல சேதியா?" என்று மொட்டை ஆவலாகக் கேட்டார்.

"ஒண்ணுமில்ல. உப்பு எடு."

டப்பா நீண்டது. மாஸ்டர் வாங்கவில்லை. அதை நீட்டிய கையைப் பார்த்தார், பிறகு அந்தக் கைக்குரிய முகத்தைப் பார்த்தார். மொட்டையின் ஒரு கண்ணில் வெண்படலம் விழத் தொடங்கியிருந்தது. அது எப்போதிலிருந்து என்று அவருக்குத் தெரியவில்லை. பார்த்துக்கொண்டே நின்றார். மொட்டை பயந்துபோய், "என்ன மாஸ்டர்? உடம்புக்கு முடியலையா?" என்றார்.

அன்று ராத்திரி அறைக்கு வந்து, பழக்கப்படி ஒரு பிடி மொச்சையை எடுத்தார். கிண்ணத்தில் போடவில்லை. நாலு கிளாஸிலும் பிரித்துப் போட்டார். ஒன்றில் வெறும் தண்ணீர், ஒன்றில் உப்பு, ஒன்றில் சர்க்கரை. நாலாவதை அப்படியே விட்டார். குட்டி விளக்கைப் போட்டுவிட்டுப் பாயில்தான் படுத்தார். கட்டிலில் படுக்க மனசு வரவில்லை.

விடியும் முன் உடம்பு எழுந்தது. கால் மேடைக்கு நடந்தது. கை முதல் கிளாஸைத் தொட்டது, நின்றது. சர்க்கரைத் தண்ணீர் கிளாஸில் மொச்சை ஊறியிருந்தது, ஆனால் வெறும் தண்ணீர் கிளாஸில்தான் நன்றாகக் கொழுத்து, ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு கிடந்தது. தனியாகப் பார்க்கக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாளே. மாஸ்டர் சட்டென்று கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணோடே கட்டில் பக்கம் திரும்பி, பயந்துவிடப் போகிறாளே என்று மெல்லிய குரலில் கூப்பிட்டார்.

"பாப்பா, எந்திரிடா. ஊறிடுச்சு. நான் இன்னும் பார்க்கல."